மல்லிகாவுக்கு: சின்னவள் விஷயமாக

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணனுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். இங்கே எல்லோரும் நலம். பெரியவனுக்கு ஓசூருக்கு மாற்றல் வந்திருக்கிறது.

சின்னவள் விஷயத்துக்கு வருகிறேன். கேம்பஸ் இண்டர்வியூவில் "நீ எக்ஸ்ட்ரோவெர்ட் இல்லை, இந்த வேலைக்குச் சரிவராது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள், அதிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. எக்ஸ்ட்ரோவெர்ட் என்றால் என்ன என்று கேட்டாயே, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அவளையும் படிக்கச் சொல்.

அந்தச் சொல்லைப் பரப்பியவர் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங். அவர் காலத்து மனநல மருத்துவர்களான ஃபிராய்டும் ஆட்லரும் ஒரே மாதிரி நோயாளிகளைப் பார்த்துவிட்டு ஏன் நேர் எதிரான காரணங்களைச் சொல்கிறார்கள் என்று யோசிக்கப்போய், மனித இயல்பின் வகைகளைப் பற்றி 1921-ல் பெரிய நூலே எழுதிவிட்டார். அவர் கேட்டது, மனத்தின் நாட்டம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை. வெளியே இருக்கும் பொருளையும் மனிதரையும் நடப்பையும் பிடித்துக்கொண்டு போகிறவர் எக்ஸ்ட்ரோவெர்ட். அவற்றால் தனக்குள் எழும் எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு போகிறவர் இன்ட்ரோவெர்ட். வாயாடியா, பேசாமடந்தையா என்பது அங்கே முதல் கேள்வியே அல்ல.

வெளிப்பக்கம் ஓடும் சிந்தனைக்கு அவர் காட்டிய ஆள் யார் தெரியுமா? டார்வின்! 1842-ல் லண்டனை விட்டுக் கென்ட் பக்கம் ஒரு கிராமத்துக்குக் குடிபோனவர், 1882-ல் சாகும்வரை அந்த வீட்டில்தான் இருந்தார். விருந்தாளிகள் வந்து கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போனாலே அவருக்கு உடம்பு படுத்தும். ஆனால் படகடியில் ஒட்டிக்கிடக்கும் கொட்டலசை ஆராய எட்டு வருஷம் செலவழித்தார். மண்புழுவுக்குக் காது கேட்குமா என்று பார்க்க, மகனைப் பக்கத்தில் உட்கார்ந்து பஸ்ஸூன் என்ற ஊதுகுழல் வாத்தியத்தை ஊதச் சொன்னார். புழுக்கள் கண்டுகொள்ளவில்லை. அதே தொட்டியைப் பியானோ மேல் வைத்துக் கட்டையைத் தட்டியதும் அதிர்வு தாங்காமல் சட்டென்று வளைக்குள் போய்விட்டன. வெளியுலகத்தின் மேல் இதைவிடப் பிரியம் வைக்க முடியுமா?

உள்பக்கத்துக்கு யுங் சொன்ன ஆள் தத்துவஞானி காண்ட். அவரோ மத்தியானம் தனியாகச் சாப்பிடவே பிடிக்காதவர். பந்தியில் மூன்று பேருக்குக் குறையக் கூடாது, ஒன்பது பேருக்கு மேல் போகக் கூடாது என்று கணக்கு வைத்திருந்தார். பேச்சும் சிரிப்பும் மணிக்கணக்கில் ஓடும். இண்டர்வியூ எடுத்தவர்கள் காண்டைத்தான் எடுத்திருப்பார்கள், டார்வினை வாசலோடு அனுப்பியிருப்பார்கள்.

பிறகு லண்டனில் ஐசங்க் போன்ற உளவியல் அறிஞர்கள் கேள்வித்தாள் வைத்து இதை அளக்க ஆரம்பித்தார்கள். கலகலப்பு, துடிப்பு என்று இன்று நாம் கேட்கும் அர்த்தம் பெரும்பாலும் அந்த வழியில் வந்தது. அதையும் நான் தள்ளவில்லை. ஆனால் அதுவும் ஓர் அளவுகோல்தான். முக்கால்வாசிப் பேர் நடுவில்தான் நிற்கிறார்கள். பத்து நிமிஷ குரூப் டிஸ்கஷனை வைத்து ஒரு பெண்ணுக்கு முத்திரை குத்துவது அநியாயம்.

போன மே மாதம் சின்னவள் இங்கே வந்திருந்தபோது, எங்கள் ஜன்னல் கட்டையில் குளவி கூடு கட்டியதை இவள் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். குழாயடி ஈரத்திலிருந்துதான் மண் உருண்டை வருகிறது, ஒவ்வோர் அறையிலும் சிலந்தியை அடைத்துவிட்டுத்தான் வாயை மூடுகிறது என்று சாயங்காலம் எனக்கு ஒன்று விடாமல் சொன்னாள். யுங்கைக் கேட்டால் இவளை எந்தப் பக்கம் சேர்ப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நாலு பேர் பேசும்போது நடுவில் நுழைந்து பேசுவது பழகினால் வந்துவிடும். அடுத்த இண்டர்வியூவுக்கு முன்னால் ஒரு வாரம் என்னிடம் அனுப்பி வை. மாடி வீட்டில் நாலைந்து காலேஜ் பிள்ளைகள் இருக்கிறார்கள், சேர்த்து உட்கார வைத்துவிடுகிறேன். மாவடு போட்டிருக்கிறேன், திரும்பும்போது கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
கோமதி