முரட்டுத்தனம் ரத்தத்தில்தானா?

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. அம்மா மறுபடி நடக்க ஆரம்பித்துவிட்டார் என்று படித்ததும் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம்.

ஆணுக்கு முரட்டுத்தனம் ரத்தத்திலேயே ஊறியது, வேண்டுமானால் குரங்குகளைப் பார் என்று எழுதியிருந்தாய். சரி, குரங்குகளையே பார்ப்போம்.

கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தில் ராபர்ட் சபோல்ஸ்கி என்ற அமெரிக்க விஞ்ஞானி, பபூன் என்னும் பெரிய குரங்குகளின் கூட்டம் ஒன்றைப் பல வருடங்களாகக் கவனித்து வந்தார். அருகே ஒரு சுற்றுலா விடுதியின் குப்பைமேடு. அதை இன்னொரு கூட்டம் ஆண்டுகொண்டிருந்தது. அவற்றோடு மல்லுக்கட்டித் தீனி பிடுங்கும் துணிச்சல் அவர் கவனித்த கூட்டத்தில் முரட்டு ஆண்களுக்கு மட்டுமே இருந்தது. 1983 வாக்கில் குப்பையில் கிடந்த நோய்பட்ட இறைச்சியால் காசநோய் பரவி, அங்கே போய்வந்த ஆண்கள் அத்தனையும் மடிந்தன. கூட்டத்து ஆண்களில் ஏறக்குறைய பாதி போயிற்று. எஞ்சியவை சாதுவானவை, மற்றவற்றோடு ஒட்டி உறவாடுபவை.

அதன்பின் கூட்டமே மாறிப்போனது. சண்டை அறவே நின்றுவிடவில்லை. ஆனால் பலமுள்ளது தன் கோபத்தை எளியதன் மேல் காட்டுவது குறைந்தது, பக்கத்தில் உட்கார்ந்து பேன் பார்ப்பது கூடியது. கடைநிலை ஆண்களின் உடலில்கூட வழக்கமான மன அழுத்தத்தின் அடையாளங்கள் இல்லை.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். பபூன் ஆண்கள் பருவம் வந்ததும் பிறந்த கூட்டத்தை விட்டு வேறு கூட்டத்துக்குப் போய்விடும். 1993-இல் பார்த்தபோது பழைய ஆண்களில் ஒன்றுகூட அங்கே இல்லை. எல்லாமே வெளியிலிருந்து வந்தவை. ஆனாலும் அதே சாந்தம்! எனக்குப் படுவது, அங்கே பெண்கள்தான் காரணம். அடிபடாத பெண்கள் பயமில்லாமல் இருந்தன. புதிதாக வந்த ஆணையும் சீக்கிரமே நெருங்கிப் பேன் பார்த்தன. அப்படி வரவேற்கப்பட்டவன் எதற்கு முறைக்க வேண்டும்?

ஒரே ஒரு கூட்டம்தானே என்று நீ கேட்பாய். நியாயம்தான். வேறு பபூன்களையும் பார்க்கலாம். எத்தியோப்பியாவின் வறண்ட நிலத்தில் வாழும் ஹமத்ரியாஸ் என்ற பபூன் இனத்தின் ஆண், விலகிப் போகும் பெண்ணைக் கழுத்தில் கடித்து இழுத்து வரும். செனகலின் கினி பபூன் ஆண்களோ ஒன்றோடொன்று நட்பாகவே இருக்கும். ஆனால் அவை இரண்டும் வேறு வேறு இனங்கள், பிறவியின் பங்கை ஒதுக்க முடியாது. அதனால்தான் மாராவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அங்கே இனம் மாறவில்லை, சூழல்தான் மாறியது.

மறுத்து எழுது, சேகர். ஆனால் எங்கிருந்தோ வந்த அந்த ஆண்கள் எப்படிச் சாதுவாயின என்பதற்கும் சேர்த்துப் பதில் சொல்.

அன்புடன்,
முரளி