மாமாவின் பட்டியலில் நான் அடித்த ஊர்கள்

மியூனிக்,
ஜனவரி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

லீவுக்கு நீங்கள் எல்லோரும் ஐரோப்பா வருவதற்காக மாமா போட்டு அனுப்பிய எக்ஸெல் பட்டியல் வந்து சேர்ந்தது. நாலு வாரத்தில் பதினோரு ஊர்! வாட்ஸ்அப்பில் ஒவ்வொன்றாகப் பதில் சொல்ல ஆரம்பித்தால் தீராது. பெங்களூரில் அல்சூரிலிருந்து ஆபீஸ் போகிற மெட்ரோ நெரிசலில் நீயும் பாதியைத்தான் கேட்பாய். அதனால் கடிதமாகவே எழுதிவிடுகிறேன். அம்மாவுக்கும் படித்துக் காட்டு. மாமாவிடம் மட்டும் காபி குடித்த பிறகு கொடு, பதினொன்றில் பெரும்பாலானதை அடித்துவிட்டேன்.

சுற்றுலாக் கம்பெனி நோட்டீஸைப் பார்த்துத்தான் மாமாவுக்கு இந்தக் கணக்கு வந்திருக்கும் என்று தெரிகிறது. அந்தக் கூட்டங்களை இங்கே மரியன்பிளாட்ஸ் சதுக்கத்தில் அடிக்கடி பார்க்கிறேன். கொடி பிடித்தவர் முன்னால் ஓட, பின்னால் நம் ஊர்ப் பெரியவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு போவார்கள். நகராட்சிக் கட்டடத்தின் மணிக்கூண்டில் பொம்மைகள் சுற்றுவதைப் பார்த்ததும் பஸ்ஸுக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். பஸ் டிரைவர் ஒரு நாளைக்குப் பொதுவாக 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது, நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியே ஆகவேண்டும் என்பது இங்கே சட்டம். அந்தக் கெடுபிடிக்குள் நோட்டீஸில் இருக்கிற ஒன்பது நாட்டையும் காட்டவேண்டுமென்றால் எதைக் குறைப்பார்கள்? நீங்கள் ஊரில் நிற்கிற நேரத்தைத்தான். காலையில் எழுந்ததும் பெட்டி கட்டு, ராத்திரி எங்கேயோ அவிழ். சின்னவனை ஸ்கூலுக்குக் கிளப்பவே நீ படுகிற பாடு எனக்குத் தெரியும்.

அதனால் என் யோசனை இது. மூன்றே இடத்தில் பெட்டியைப் பிரியுங்கள். முதல் பத்து ராத்திரி என் வீடு. அப்புறம் வெனிஸ் பக்கம் நாலு. அப்புறம் ஸ்விட்சர்லாந்தில் ஏழு. மிச்சத்துக்குத் திரும்பவும் இங்கேயே வந்து, துணி துவைத்து, பெட்டி கட்டி, பெங்களூருக்கு ஒரே விமானத்தில் ஏறுங்கள். மியூனிக்கிலிருந்து பெங்களூருக்கு 2023 நவம்பரில் நேரடி விமானம் விட ஆரம்பித்தார்கள். துபாயிலோ தோகாவிலோ நடுராத்திரியில் இறங்கி ஏறுகிற வேலை இல்லை. அம்மாவை உத்தேசித்துத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். சக்கர நாற்காலிக்கு டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள்.

ஆம்ஸ்டர்டாம், பிரஸ்ஸல்ஸ், ப்ராக், பெர்லின் எல்லாம் போயிற்று. பாரிஸையும் அடித்துவிட்டேன். பெரியவள் இதற்கு என்னோடு ஒரு வாரம் பேசமாட்டாள், பரவாயில்லை. இங்கிருந்து பாரிஸ் ரயிலில் ஆறு மணி நேரம். போக ஒரு நாள், வர ஒரு நாள், நடுவில் லூவர் வாசலில் வரிசை. அவள் கல்லூரிக்குப் போனதும் தோழிகளோடு தனியாக வரட்டும், டிக்கெட் நான் எடுத்துத் தருகிறேன் என்று சொல். லண்டனை மாமா ஏன் சேர்த்தார் என்று புரியவில்லை. நீங்கள் வாங்கப்போவது ஷெங்கன் விசா, அதாவது ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகிற ஏற்பாடு. அது லண்டனுக்குச் செல்லாது, தனியாக வாங்கவேண்டும்.

விசா விஷயத்தை முதலில் முடியுங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு 15 நாள். ஏப்ரல் கடைசியில் கிளம்புவதென்றால் இந்த மாதமே விசா மனுவை வாங்குகிற வி.எஃப்.எஸ் மையத்தில் தேதி பிடித்துவிடுங்கள். லீவுக் காலத்தில் தேதி கிடைப்பதுதான் பெரிய பாடு. எந்த நாட்டில் சீக்கிரம் கிடைக்கிறதோ அங்கே போட்டால் போச்சு என்று மாமாவின் நண்பர் சொன்னாராமே, அதைக் கேட்காதீர்கள். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அங்கேதான் போடவேண்டும். நாளெல்லாம் சமமாக வந்தால்தான் முதலில் நுழைகிற நாடு. என் கணக்குப்படி உங்களுக்கு ஜெர்மனிதான் வரும், குழப்பமே இல்லை. ஸ்விட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஷெங்கனில் இருக்கிறது, அதே விசா போதும்.

கட்டணம் ஆளுக்கு 90 யூரோ. சின்னவனுக்கு ஏழு வயதுதானே, 45 யூரோ. பெரியவளுக்குப் பதின்மூன்று ஆகிவிட்டதால் முழுசு. வி.எஃப்.எஸ்காரர்கள் தங்கள் சேவைக்கு மேலே ஒரு தொகை வாங்குவார்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்கவேண்டும். அம்மாவுக்கு வயதைப் பார்த்துப் பிரீமியம் கூடவரும், அதில் மிச்சம் பிடிக்கவேண்டாம். எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் ஒருமுறை எடுத்துப் பார். இங்கிருந்து கிளம்புகிற தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக இருக்கவேண்டும். விமான நிலையத்தில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக முகத்தைப் படம் எடுத்து, கைரேகை வாங்குகிற முறை 2025 அக்டோபரில் ஆரம்பித்தது. பன்னிரண்டு வயதுக்குக் கீழே கைரேகை கிடையாது. வரிசை மெதுவாக நகரும், சின்னவனுக்குப் பிஸ்கெட் கையில் வைத்துக்கொள்.

அம்மாவுக்கு மட்டும் தனி ஏற்பாடு. நீங்கள் திரும்பினாலும் அம்மா என்னோடு இருக்கட்டும். 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். பாங்க் கணக்கில் பணம் காட்டவேண்டிய கவலை வேண்டாம். செலவுக்கெல்லாம் நான் பொறுப்பு என்று இங்கே அயல்நாட்டவர் அலுவலகத்தில் சம்பளச் சீட்டைக் காட்டிக் கையெழுத்துப் போட்டால், 29 யூரோவுக்கு ஒரு பத்திரம் தருவார்கள். மூலப் பிரதியைத் தபாலில் அனுப்புகிறேன்.

நீங்கள் இத்தாலி, ஸ்விஸ் போகிற நாட்களில் அம்மா இங்கே என்ன செய்வாள் என்று கேட்டாய். பெரிய ரயில் நிலையத்துப் பக்கம் நான் சாமான் வாங்குகிற கடை ஒன்று இருக்கிறது, யாழ்ப்பாணத்துக்காரர் கடை. எண்பதுகளில் சண்டைக்குப் பயந்து வந்தவர். வாசலிலேயே வறுத்த மிளகாய்த்தூள் வாசனை. உள்ளே முருங்கைக்காய், பனங்கட்டி, உளுந்து, நல்லெண்ணெய், எல்லாம் மேல் தட்டு வரைக்கும் அடுக்கி, ஏணி போட்டு எடுப்பார். போன வாரம் அம்மா வருவதைச் சொன்னேன். "அம்மா வாறாவோ? அப்ப முருங்கைக்காய் கூட எடுத்து வைக்கிறன் தம்பி. மனிசியிட்டயும் சொல்லுறன், வீட்ட கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார். அம்மாவுக்குப் பேச்சுத் துணை கிடைத்தாயிற்று. ஹம் என்கிற ஊரில் காமாட்சி அம்மன் கோயில் இருப்பதையும் சொல்லிவை. 2002-இல் கட்டி முடித்த கோயில், நிஜக் கோபுரத்தோடு. கோடைத் தொடக்கத்தில் தேர்த் திருவிழா வரும், காவடி எல்லாம் உண்டு, ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஈழத்து ஜனங்கள் கூடுவார்கள். இங்கிருந்து ஆறு மணி நேர ரயில். அல்சூர் சோமேஸ்வரர் கோயிலை விட்டுவிட்டு எப்படி இத்தனை நாள் இருப்பது என்று அம்மா இழுத்தால், இதை எடுத்துவிடு.

மே மாதம் வெயிலாக இருக்கும் என்று ஸ்வெட்டரை விட்டுவிட்டு வராதீர்கள். கீழ்வீட்டுப் பாட்டி தக்காளி நாற்றை மே நடுவாக்கில்தான் பால்கனியில் வைப்பார். மே 11 முதல் 15 வரை வருகிற புனிதர்களின் நாட்கள் கழியாமல் குளிர் போகாது என்பது இவர்கள் நம்பிக்கை. அதுவரை அந்தச் சட்டிகள் எங்கள் மாடிப்படி ஜன்னலோரம் வரிசையாக நிற்கும். தாண்டிப்போகும்போது இடித்துவிடக்கூடாதே என்று பக்கவாட்டில் நடப்பேன். சின்னவனை அந்தப் படியில் கையைப் பிடித்துத்தான் கூட்டிப்போகவேண்டும். இன்னொன்று, ராத்திரி பத்துக்கு மேல் வீட்டில் ஓடியாடக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை முழுக்கவே சத்தம் போடக்கூடாது. சுவரில் ஆணி அடிக்கக்கூடாது, காலி பாட்டிலைத் தெருக்கோடித் தொட்டியில் போடுவதுகூடத் தப்பு. வந்த புதிதில் எரிச்சலாக இருந்தது. இப்போது சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குள் பால், ரொட்டி வாங்கி வைத்துவிட்டு ஞாயிறு காலைக்குக் காத்திருக்கிறேன். அன்று அநேகமாகக் கடை எதுவும் திறக்காது என்பதை மட்டும் மாமா மனதில் வைத்துக்கொள்ளட்டும். மே ஒன்றாம் தேதியும் அப்படித்தான்.

ஊருக்குள் சுற்றுவது சுலபம். மெட்ரோவில் நம் ஊர் மாதிரி கதவு, கேட் ஒன்றும் கிடையாது, நேரே இறங்கிப் போய்விடலாம். ஆனால் சீட்டை நீலப் பெட்டியில் செருகித் தேதி பதிக்காமல் ஏறினால், சாதா உடுப்பில் வரும் பரிசோதகர் ஆளுக்கு 60 யூரோ வாங்கிவிடுவார். ஐந்து பேர் வரை சேர்ந்து போகிற ஒருநாள் சீட்டு இருக்கிறது, உங்களுக்கு அது சரியாக இருக்கும். பவேரியா சீட்டு என்று இன்னொன்று. அதுவும் ஐந்து பேருக்கு. வேலை நாளில் காலை 9 மணிக்குப் பிறகு மாநிலத்துக்குள் எந்தச் சாதாரண ரயிலிலும் ஏறலாம், எல்லை தாண்டி சால்ஸ்பர்க் வரைக்கும் செல்லும். மோட்சார்ட் பிறந்த ஊரை மாமா பட்டியலிலிருந்து நான் அடிக்கவில்லை பார், காலையில் போய் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். இருட்ட ஒன்பது மணி ஆகிவிடும். பெரியவளுக்கு விமானமெல்லாம் வைத்திருக்கிற டாய்ச்சஸ் மியூசியத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்கியிருக்கிறேன்.

ஜெர்மன் ரயில் நேரம் தவறாது என்று மாமா இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார், பட்டியலில் எட்டு நிமிட இடைவெளியில் வண்டி மாறச் சொல்லியிருக்கிறார்! 2024-இல் இங்கே நெடுந்தூர ரயில்களில் மூன்றில் இரண்டுகூட நேரத்துக்கு வந்து சேரவில்லை. வண்டி மாறுகிற இடத்தில் குறைந்தது முக்கால் மணி விடுங்கள். வெனிஸுக்கு அந்தத் தொல்லை இல்லாத நேரடி வண்டியாகப் பாருங்கள். ஆல்ப்ஸைப் பிரென்னர் கணவாய் வழியாகக் கடக்கும், 1867-இல் போட்ட பாதை. அன்று யாரும் தூங்கவேண்டாம். தங்குவதற்கு வெனிஸுக்கு உள்ளே வேண்டாம், மெஸ்த்ரேயில் போடுங்கள். அங்கிருந்து ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். உள்ளே ஒவ்வொரு பாலமும் படிக்கட்டு, உருட்டுகிற பெட்டியைத் தோளில் சுமக்கவேண்டிவரும். அங்கே ராத்தங்காமல் வந்துபோகிறவர்களிடம் சில நாட்களில் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். மெஸ்த்ரேயில் தங்கினால் அது கிடையாது, ஆனால் விலக்கு உண்டு என்று முன்கூட்டிப் பதிந்துகொள்ளவேண்டும்.

அங்கிருந்து மிலான் போய், கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர் நீளமுள்ள சிம்ப்ளான் சுரங்கம் வழியாக ஸ்விஸ். மிலானில் வெளியே வரவேண்டாம், வண்டி மாறினால் போதும். ஸ்விஸ்ஸில் ஷ்பீட்ஸ் என்கிற சின்ன ஊரில், துன் ஏரியைப் பார்த்தபடி, சமையலறையோடு வீடு எடுங்கள். ஹோட்டல் சாப்பாட்டு விலையைப் பார்த்தால் மாமாவுக்குப் பசியே எடுக்காது. ரசப்பொடியும் குக்கரும் இருந்தால் பாதிச் செலவு மிச்சம். நீயும் மாமாவும் ஸ்விஸ் பயணப் பாஸ் எடுத்தால் பிள்ளைகளுக்கு இலவச அட்டை தருவார்கள், கேட்டு வாங்குங்கள். யுங்ஃப்ராவ்யோக் என்கிற பனிமலை ரயில் நிலையம் 3,454 மீட்டர் உயரம். அங்கே ரயில் 1912-இலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. செலவு அதிகம், மேகம் மூடினால் பணம் தண்டம். அதனால் முன்பே நாள் குறிக்காமல், காலையில் மலையுச்சிக் கேமராவைப் போனில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஒரே இடத்தில் ஏழு ராத்திரி போடச் சொன்னதற்கு இதுதான் காரணம். மழை பிடித்தால் லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கு இருக்கிறது. 297 மீட்டரிலிருந்து விழுகிற ஷ்டவுப்பாக் அருவி, பனி உருகும் மே மாதத்தில் நன்றாகக் கொட்டும். அதற்கு டிக்கெட்டும் இல்லை.

என் வீடு இரண்டே அறை. அம்மாவும் பிள்ளைகளும் ஒன்றில், நீங்கள் ஒன்றில், எனக்குச் சமையலறை சோபா. குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கலாம். அம்மா நம்பமாட்டாள், காய்ச்சிக்கொள்ளட்டும்.

கொண்டுவர வேண்டியவை: காபிப்பொடி, புளி, மணத்தக்காளி வற்றல், அம்மா இடிக்கிற பருப்புப்பொடி. நெய், பால், பனீர் இங்கே உள்ளே விடமாட்டார்கள், கறி வகையும் கூடாது. மே மாதம் என்றால் அம்மா மாம்பழம் கட்டாமல் இருக்கமாட்டாள், தடுத்து நிறுத்து. தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் மாம்பழம் வந்தால் பிடுங்கிக்கொள்வார்கள். கறிவேப்பிலையும் அப்படித்தான். தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் தடை இல்லை. ஆனால் தேங்காயை விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்துவிடாதீர்கள், யாழ்ப்பாணத்துக்காரர் கடையிலேயே கிடைக்கிறது.

மாமாவின் லீவுத் தேதி முடிவானதும் எழுது. ஸ்கூல் திறக்கிற தேதியையும் விசாரித்துக்கொள். நான் இங்கே லீவுக்கு எழுதிக் கொடுக்கவேண்டும், மார்ச் வந்துவிட்டால் நல்ல வாரமெல்லாம் மற்றவர்கள் பிடித்துவிடுவார்கள்.

அன்புடன்,
உன் தம்பி