ஆராய்ச்சிக்கு நிதி கேக்கப் போறோம், எல்லாரும் படிங்க

மக்களே வணக்கம். எம்இ சிஎஃப்எஸ்ங்கற இந்த தீராத களைப்பு நோயை உலக சுகாதார நிறுவனம் 1969லேயே நரம்பு நோய் பட்டியல்ல சேர்த்துட்டு, ஆனா இன்னைக்கு வரைக்கும் உறுதியா சொல்ல ஒரு ரத்த டெஸ்ட் கிடையாது, குணமாக்க மருந்தும் கிடையாது, அமெரிக்காவுல மட்டும் 8.36 லட்சத்துல இருந்து 25 லட்சம் பேர் வரை இருக்கலாம்னு 2015ல ரிப்போர்ட் வந்துச்சு. இந்த நோய் உள்ள நம்ம பிள்ளைகள் ஒருநாள் கொஞ்சம் அலைஞ்சா மறுநாள் எந்திரிக்க முடியாம கிடக்குதுவ, ஊர்ல சோம்பேறின்னு பேரு. மனசு கொதிக்குது.

அதனால இந்த நோய் ஆராய்ச்சிக்கு கம்பெனிகள்ட்ட சிஎஸ்ஆர் நிதி, அதாவது கம்பெனிங்க சமூக நலனுக்குன்னு ஒதுக்குற பணம், கேக்கலாம்னு இருக்கு. வருஷம் 5 கோடிக்கு மேல நிகர லாபம் பாக்குற கம்பெனி, முந்தின 3 வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதம் இதுக்குன்னு செலவழிச்சே ஆகணும், அது சட்டம். ஆராய்ச்சிக்குன்னா அரசு பல்கலைக்கழகம், ஐஐடி, ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) கீழ உள்ள நிறுவனம் இதுகளுக்கு நேரா போகலாம். கம்பெனி பணம் நம்ம கைக்கு வர வேண்டாம், அதுதான் நல்லதும்.

கல்ஃப்ல இருக்க நம்ம ஆளுங்க இந்திய பாஸ்போர்ட் வச்சிருந்தா பேங்க் வழியா தாராளமா அனுப்பலாம், அது வெளிநாட்டு நன்கொடை கணக்குல வராது. வேற நாட்டு குடியுரிமை வாங்கினவங்கட்ட மட்டும் இப்போ வாங்காதீங்க, எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை சட்டம்) பதிவு இல்லாம வாங்கக் கூடாது.

நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலை பக்கம் கம்பெனில நல்ல பொறுப்புல யாராவது தெரிஞ்சா எனக்கு தனியா மெசேஜ் போடுங்க. பிள்ளைகளோட மெடிக்கல் ரிப்போர்ட்டை குரூப்ல போடாதீங்க.