தொலைநோக்கி ஆடியில் கை வைக்காதீர்கள்

ஆசிரியருக்கு,

ஜேம்ஸ் ஷார்ட் செய்த 18ஆம் நூற்றாண்டுத் தொலைநோக்கியைப் பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையோடு இரண்டு முறை படித்தேன். ஆனால் படங்களும் வர்ணனையும் பித்தளைக் குழலோடு நின்றுவிட்டன. பித்தளை வேலையை ஷார்ட் பெரும்பாலும் பிறரிடம் கொடுத்துவிடுவார். குழலின் அடியில், ஒளியைத் திருப்பிக் குவிக்கிற ஓர் ஆடி நடுவே துளையோடு உட்கார்ந்திருக்கிறதே, அதுதான் அவர் கைப்பட்டது.

அது கண்ணாடி அல்ல. ஏறக்குறைய இரண்டு பங்கு தாமிரத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்து வார்த்த உலோகம். வெள்ளையாக இருக்கும், கீழே விழுந்தால் நொறுங்கிவிடும். அதைக் கோளத்தின் வளைவுக்குத் தேய்ப்பது மற்றவர்களுக்கும் கைவந்த வேலைதான். ஷார்ட் அதை, ஒளியெல்லாம் ஒரே புள்ளியில் குவியும் பரவளைவாக்கினார். நாலரை அங்குல ஆடியில் இந்த இரண்டு வளைவுகளுக்கும் உள்ள வித்தியாசம் தலைமுடிப் பருமனில் நூறில் ஒரு பங்கு அளவுதான். அதைக் கையாலேயே தேய்த்து எடுத்திருக்கிறார்! ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் கணிதப் பேராசிரியர் காலின் மெக்லாரின் ஒழித்துக் கொடுத்த அறைகளில் தொடங்கியவர், 1768இல் இறப்பதற்குள் சுமார் 1,370 தொலைநோக்கிகள் செய்துவிட்டார். மறு வருடம் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்தபோது தஹிட்டித் தீவில் கேப்டன் குக் குழுவினர் பார்த்ததும் அவருடைய கருவிகளில்தான்.

அதனால்தான் கட்டுரையில் "மங்கிய ஆடியை மெருகேற்றினால் புதிதுபோல் ஆகிவிடும்" என்ற வரியைப் படித்ததும் பதறிவிட்டேன். என் நண்பரிடம் இதே வகையில், அதே காலத்துத் தொலைநோக்கி ஒன்று இருந்தது. மங்கலாக இருந்தாலும் நிலவின் பள்ளங்கள் விளிம்பு பிசகாமல் தெரியும். ஒரு கடையில் கொடுத்து மெருகேற்றினார். முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. அன்றிரவு பார்த்தால் நிலவு பாலில் ஊறிய அப்பளம் மாதிரி கரைந்து கிடந்தது. திருகைத் திருகித் திருகிப் பார்த்தோம், கூர்மை வரவே இல்லை. மங்கலோடு சேர்த்து அந்த வளைவையும் தேய்த்து எடுத்துவிட்டார்கள். இனி அந்தப் பழைய கைவேலையைத் திருப்பித் தர யாராலும் முடியாது.

வீட்டில் இப்படி ஒன்று வைத்திருப்பவர்கள் தயவுசெய்து ஆடியைத் தொடாதீர்கள். ஈரம் படாமல் மூடி வையுங்கள், போதும்.

ஒரு வேண்டுகோள். ஷார்ட் தன் பெயரோடு ஒரு பின்னம், ஒரு சமக்குறி, ஓர் எண் பொறிப்பது வழக்கம். அந்த அளவுத் தொலைநோக்கிகளில் அது எத்தனையாவது, மொத்தத்தில் எத்தனையாவது, குவியத்தூரம் (ஆடியிலிருந்து ஒளி குவியும் இடம் வரையுள்ள தூரம்) எத்தனை அங்குலம் என்று அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். உங்கள் படத்தில் அந்த இடம் வெட்டுப்பட்டிருக்கிறது. அடுத்த இதழில் அதை மட்டுமாவது பெரிதாக வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்