அது தோள்வலி இல்லை கண்ணா

கண்ணா,

போன வாரம் வீடியோ காலில், இடது கையால் வலது கையைத் தாங்கிக்கொண்டு நான் ஷெல்ஃபிலிருந்து காபிப்பொடி டப்பாவை எடுத்ததைப் பார்த்துவிட்டு, இன்னும் அந்தத் தோள்வலி போகலையாம்மா என்று கேட்டாய், நானும் வயசாகுதுல்ல என்று மழுப்பிவிட்டேன். அது தோள்வலி இல்லை. தசைச்சிதைவு நோய். எஃப்.எஸ்.எச்.டி. என்று பெயர், முகம், தோள்பட்டை, மேல்கை இந்த மூன்றையும்தான் முதலில் பிடிக்குமாம்.

ரெண்டு வருஷம் ஃப்ரோஸன் ஷோல்டர் என்று சொல்லி ஒத்தடம், ஊசி எல்லாம் பார்த்தாச்சு. ஃப்ரோஸன் ஷோல்டர் என்றால் அடுத்தவர் தூக்கினாலும் கை போகாது. என் கையோ யார் தூக்கினாலும் மேலே போகும், நானாகத் தூக்கினால்தான் தோள் உயரத்தோடு நின்றுவிடும். கடைசியாகப் பார்த்த டாக்டரம்மா, கையைத் தொடுவதற்கு முன்னாடி விசில் அடிக்கச் சொன்னார். வெறும் காற்றுதான் வந்தது. கண்ணை இறுக்கி மூடச் சொன்னார், இமை சரியாக ஒட்டவில்லை. அப்புறம் மரபணுப் பரிசோதனையில் உறுதியாகிவிட்டது.

தோள்பட்டை எலும்பை முதுகோடு பிடித்து வைக்கிற தசைகள் தளர்ந்துவிட்டன, அதனால் கையைத் தூக்கும்போது அந்த எலும்பு கோழி இறக்கை மாதிரிப் பின்னால் புடைக்கிறது. ஆடுகிற ஸ்டூல்மேல் நின்று பரணில் சாமான் எடுக்கிற கதைதான். தாத்தா சட்டையில்லாமல் கிணற்றடியில் நிற்கிற போட்டோவைப் பார், அதே முதுகு. பாவம், சோம்பேறி என்று அவரை எல்லோரும் ஏசினோம், நானும்தான்.

அந்த மரபணு என்னிடமிருந்து உனக்கு வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது. பரிசோதனை செய்வதும் விடுவதும் உன் இஷ்டம், நான் நச்சரிக்க மாட்டேன். ஆனால் ஒரு பக்கத் தோள் இறங்கித் தெரிந்தாலோ, பனியனைத் தலைவழியாகக் கழற்றச் சிரமமாக இருந்தாலோ ஜிம்மில் வீம்புக்கு எடை தூக்காதே, நரம்பு டாக்டரைப் போய்ப் பார். குணமாக்க மருந்து இன்னும் இல்லை, ஆனால் பெரும்பாலும் மெதுவாகத்தான் போகும், இதயத்தை அவ்வளவாகத் தொடாது.

நான் சமாளித்துக்கொள்கிறேன். முழங்கையை மேஜையில் ஊன்றித் தலை வாருகிறேன், துணிக்கொடியைத் தாழ்த்திக் கட்டியாச்சு. சாமி மாடத்தில் விளக்கேற்ற மட்டும் அப்பா பின்னால் நின்று அந்த எலும்பை உள்ளங்கையால் அழுத்திப் பிடிப்பார், கை இன்னும் ஒரு சாண் மேலே போகும். டாக்டரம்மா செய்து காட்டியதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்.

வரும்போது அந்த ஷெல்ஃபைக் கொஞ்சம் கீழே இறக்கி மாட்டிக் கொடு. ஆசாரி ரெண்டு மாசமாக வருகிறேன் வருகிறேன் என்கிறார்.

அம்மா