அண்ணனுக்கு: புத்தகங்கள் இங்கேயே இருக்கட்டும்

அன்புள்ள அண்ணனுக்கு,

பெட்டிகளை எடுக்க வர வேண்டாம் என்று லாரிக்காரரிடம் சொல்லிவிட்டேன். புதுவீட்டுக்கு நீங்கள் கேட்ட ஓவிய நூல்கள் நம் மண்டபம் ஊரிலேயே இருக்கும். ஒன்று மட்டும் வரும், அதைக் கடைசியில் சொல்கிறேன். எல்லாம் உங்கள் காசில் வாங்கியவை, உங்களுடையவைதான், அதில் எனக்குச் சண்டையில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஏன் தரவில்லை என்பதைக் கேட்டுவிட்டு மன்னியுங்கள். அன்று திண்ணையில் அப்பா சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை. நம் தெருவில் பாதிப்பேர் இதைப் படிப்பார்கள்.

புதுவீட்டுக் கூடத்தில் கண்ணாடி அலமாரி செய்திருப்பதாக மதினி சொன்னார்கள். எதை வைத்தாலும் கனமான படத்தொகுப்புகளை நிறுத்தி வைக்காதீர்கள். நிற்கும்போது தாள்கட்டு தன் எடையாலேயே கீழே தொய்ந்து, அட்டையோடு ஒட்டிய மடிப்பில் கிழியத் தொடங்கும். படுக்கவைக்க வேண்டும், ஒன்றன்மேல் ஒன்றாக மூன்றுக்கு மேல் வேண்டாம்.

இங்கே அது போதாது. ஆர்ட் பேப்பரின் வழவழப்பு அதன் மேலிருக்கும் களிமண் பூச்சு. ஈரம் ஏறினால் பூச்சு இளகி எதிர்ப்பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். அப்படியே காய்ந்துவிட்டால் பிரிக்க வழியில்லை, படம் உரிந்துதான் வரும். நனைந்த நூலை ஈரம் இருக்கும்போதே பக்கம் பக்கமாகப் பிரித்து இடையில் பட்டர் பேப்பர் வைக்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்கு வசதி. நம் கரையில் வருடத்தில் பெரும்பகுதி அதற்கு மேல்தான். அதனால் அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போட்டிருக்கிறேன். வாடைக்காற்று தொடங்கியதும் வாரம் ஒருமுறை மின்விசிறிக்குக் கீழே பக்கங்களைப் புரட்டிவிடுகிறேன். வெயிலில் காட்டுவதில்லை. இராமபாணப் பூச்சிக்கு வசம்பு வைத்தாலும், புரட்டுவதுதான் மருந்து. திறக்காத நூலைத்தான் அது தின்கிறது.

கண்காட்சிக் கையேடுகளின் பின்களை எல்லாம் கழற்றிவிட்டேன். அசல் பின் இல்லாவிட்டால் மதிப்புப் போய்விடும் என்பீர்கள், தெரியும். உப்புக்காற்றில் பின் துருவேறி, அதைச் சுற்றித் தாள் பழுத்து, கடைசியில் நடுத்தாளே கழன்று விழும். மடிப்பில் மூன்று துளை போட்டு நூலால் தைத்திருக்கிறேன். உள்ளேயிருந்து நடுத்துளை வழியாக வெளியே, மேல்துளை வழியாக உள்ளே, நடுவைத் தாண்டிக் கீழ்த்துளை வழியாக வெளியே, மறுபடி நடுத்துளை வழியாக உள்ளே. உள்ளே ஓடும் நீளத்தையலின் இருபுறமும் நூலின் இரண்டு நுனிகள் நிற்கும். அதன்மேல் முடிச்சுப் போட்டால் நழுவாது. இதற்கு வருத்தம் தெரிவிக்க எனக்கு மனசு வரவில்லை.

ஓரங்களில் பென்சில் எழுத்தும் இருக்கும். அது மெத்தென்ற 2பி பென்சில், அழிப்பானால் போய்விடும். அங்கே இருப்பவை அளவுகள் மட்டும். ஓவிய நூல் நம்மை அதிகம் ஏமாற்றுவது அளவில்தான். வெர்மீரின் சரிகை பின்னும் பெண் 24 செ.மீ. உயரம், ஒரு சாணுக்குச் சற்றே அதிகம். பிக்காசோவின் கெர்னிகா 349 செ.மீ. உயரம், 777 செ.மீ. அகலம். நூலில் இரண்டுக்கும் ஒரே அகலப் பக்கம். படத்துக்குக் கீழே முதலில் உயரத்தையும் பிறகு அகலத்தையும் போடுவார்கள். அதை மாற்றிப் படித்துவிட்டால் நின்ற படம் படுத்துவிடும். இங்கே நூல் பார்க்க வரும் பிள்ளைகளுக்கு முதலில் இந்த வரியைத்தான் படிக்கச் சொல்கிறேன். படத்தின் பெயர்கூட அதற்குப் பிறகுதான்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது நீங்கள். கெர்னிகாவின் அளவைக் காட்ட, கடற்கரை மணலில் வலைக்கயிற்றை எடுத்து இரண்டு கையையும் விரித்துப் பாகம் போட்டீர்கள். அகலத்துக்கு நான்கே கால் பாகம். உயரத்துக்கு இரண்டு பாகத்தில் கொஞ்சம் குறைத்து, நாலு மூலையிலும் கல் வைத்தீர்கள். வலை முடிந்துகொண்டிருந்த பெரியவர், "மனை அளக்குறியாப்பா?" என்றார். "இல்ல சித்தப்பா, இது ஒரு படம்" என்றீர்கள். அவர் எழுந்து வந்து கயிற்றைச் சுற்றி ஒருமுறை நடந்தார். இடது ஓரத்தில் என்னை உட்காரவைத்து, இங்கே தாய், கையில் செத்த பிள்ளை என்றீர்கள். வலது ஓரத்துக்கு நீங்களே ஓடிப்போய் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றீர்கள். அங்கிருந்து நீங்கள் கத்தியது காற்றில் எனக்குக் கேட்கவில்லை. அவ்வளவு தூரம்! நூலில் நடுத்தையல் விழுங்கியிருந்த குதிரைக்கு அந்த மணலில் ஒரு வள்ளத்தின் இடம் கிடைத்தது. அண்ணே, அப்படி ஒருவர் படம் காட்டி நான் பிறகு பார்க்கவில்லை.

அப்புறம் நீங்கள் ஓவியக் கல்லூரிக்குப் போனீர்கள். எனக்கு ஒரு விண்ணப்பம்கூட யாரும் வாங்கித் தரவில்லை. அது உங்கள் குற்றமில்லை என்று இத்தனை பேர் முன்னால் எழுதிவைக்கிறேன். ஆனால் "தங்கச்சியையும் அனுப்பலாமே" என்ற ஒரு சொல்லுக்கு உங்களுக்கு என்ன செலவாகியிருக்கும்?

நூலை மட்டும் நம்பக் கூடாது என்பதை நானாகத்தான் கற்றேன். வான்கோ 1888 அக்டோபரில் தன் படுக்கையறையை வரைந்துவிட்டு, சுவர்கள் வெளிறிய ஊதா என்று தம்பி தியோவுக்கு எழுதினார். எந்த நூலைத் திறந்தாலும் சுவர் நீலம். அச்சகத்தின் பிழையல்ல. அவர் கலந்த சிவப்புச் சாயம் வெளிச்சத்தில் வெளுத்து நீலம் மிஞ்சிவிட்டது, வெயிலில் கிடக்கும் சினிமா போஸ்டர் நீலமாகிப்போவதைப் போல. பார்ப்பவருக்கு அந்த அறை ஓய்வு தர வேண்டும் என்பதுதான் அவர் எழுதிய எண்ணம். நீலச் சுவரை வைத்து அவர் மனநோய்க்கு விளக்கம் எழுதும் நூல்களை நான் கீழ்த்தட்டில் வைத்துவிட்டேன். அந்த அறையையே அவர் மூன்று முறை வரைந்திருக்கிறார். எந்த ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கும் படம், ஆம்ஸ்டர்டாமா, சிகாகோவா, பாரிஸா என்று படக்குறிப்பில் சொல்லாத நூலுக்கும் அதே இடம்தான்.

பத்து மடங்கு பெருக்கும் லென்ஸை வைத்தால் எந்த வண்ணப்படமும் நாலே மையின் புள்ளிகள்: சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு. பொன்னுக்கு இதில் மை கிடையாது. தஞ்சாவூர் ஓவியத்தில் மேடு கட்டி ஒட்டிய தங்க ரேக்கு நூலில் கடுகு நிறமாகத் தட்டையாகக் கிடப்பது அதனால்தான். லென்ஸைப் பார்த்தபின் பிள்ளைகள், "அப்ப நெசமான படத்தை எங்கக்கா பாக்குறது?" என்கிறார்கள். ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏற்றுகிறேன். அங்கே ஆண்ட சேதுபதி மன்னர்களின் அரண்மனையான ராமலிங்க விலாசத்தில் சேதுபதிக்கும் தஞ்சை மராத்தியருக்கும் நடந்த போரும், அவைக்கு வந்த ஐரோப்பியரும், ராமாயணமும் சுவரிலும் வளைவிலுமாக இருக்கின்றன. நூலில் அதையெல்லாம் கட்டம் கட்டமாக வெட்டி ஏணி உயரத்திலிருந்து எடுத்துப் போடுகிறார்கள். அங்கே கழுத்தை நிமிர்த்தி, நடந்து நடந்துதான் பார்க்க முடியும். அந்த நூலும் அந்தச் சுவரும் ஒரு பஸ் தூரத்தில் இருக்கும்போது, நூலை மட்டும் பிடுங்கிக் கண்ணாடிக்குப் பின்னால் வைக்க என்னால் முடியாது.

ரெம்ப்ராண்ட் தொகுப்பு மட்டும் வருகிறது. உங்களுக்கு அதுதான் உயிர் என்று எனக்குத் தெரியும். கருப்பு மை தூக்கலாக அச்சாகி, இருட்டில் நிற்கும் முகங்கள் அதில் மறைந்துவிட்டதால் இங்கே பிள்ளைகளுக்கு உதவாது என்பதும் உண்மை. ஏசி அறையில் உடனே பிரித்துவிடாதீர்கள். இவ்வளவு ஈரம் குடித்த அட்டை சட்டென்று காய்ந்தால் வில்லாக வளையும். ஒரு வாரம் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும், பிறகு மேலே சமமான எடை வைத்துப் படுக்கவையுங்கள். முன்னட்டை மடிப்பு தளர்ந்திருக்கிறது, முழுக்க விரிக்காமல் கீழே ஒரு துணிச்சுருள் கொடுத்துத் திறக்கச் சொல்லி மதினியிடமும் சொல்லுங்கள்.

உங்கள் தங்கச்சி