பிலடெல்பியாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள செல்விக்கு,

அம்மா எழுதுவது. போனில் பேசினால் 'சரிம்மா, அப்புறம் பேசறேன்' என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். சாப்பிடுகிறாயா? குளிர் அதிகம் என்று செய்தியில் சொன்னார்கள். குல்லா இல்லாமல் வெளியே போகாதே.

பெரியப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மற்றபடி இங்கே விசேஷம் இல்லை.

போன மாசம் பேசும்போது உன் பின்னால் பியானோ சத்தம் கேட்டது. யாரென்றேன், டிவி என்றாய். சரி. ஆனால் டிவியில் வாசிப்பவர்கள் ஒரே இடத்தில் நாலு தடவை தப்பு செய்து, திரும்ப அந்த இடத்திலிருந்தே ஆரம்பிப்பதில்லையே. நான் மேலே கேட்கவில்லை. மறுநாள்தான் அந்தப் பாட்டை அனுப்பினாய், நீனா சிமோன் பாடியது.

இங்கிலீஷ் பாட்டு எனக்கு எங்கே புரியும்? பாபுதான் அவளைப் பற்றித் தேடிப் படித்துச் சொன்னான். நிஜப் பெயர் யூனிஸ் வேமனாம். வட கரோலினாவில் டிரையன் என்ற சின்ன ஊர். அம்மா சர்ச்சில் பிரசங்கம் செய்வாள், வீட்டு வேலைக்கும் போவாள். பியானோவில் பாக் என்ற ஜெர்மன்காரரின் இசையை வாசித்து வளர்ந்த பெண். 1951-ல் உன் ஊர் கர்டிஸ் இசைப் பள்ளியில் இடம் கேட்டிருக்கிறாள். அவளுக்காகக் குடும்பமே பிலடெல்பியாவுக்குக் குடிவந்தது. இடமில்லை என்றுவிட்டார்கள். கறுப்பு என்பதால்தான் என்று கடைசிவரை சொன்னாள். 2003-ல், அவள் கண்மூட இரண்டு நாள் இருக்கும்போது, அதே பள்ளி கௌரவப் பட்டம் தருவதாகச் சொன்னதாம். என்னத்துக்கு?

1954-ல் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு பாரில் வாசிக்கப் போனபோது பெயரை மாற்றிக்கொண்டாள். அம்மாவுக்குத் தெரியக் கூடாதாம். அதுதான் எனக்கு உறுத்தியது. பிள்ளை பெயரையே மறைக்கிற அளவுக்கு அந்த அம்மா என்ன சொல்லி வளர்த்திருப்பாள்? நீ வீட்டுக் கடன் மொத்தத்தையும் அடைத்தவள், தெருவே உன்னைப் பேசுகிறது. பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்ல மட்டும் உனக்கு வாய் வராது.

பாபு இன்னொன்றும் சொன்னான். சின்ன வயசில் ஊரில் அவள் கச்சேரி. முன்வரிசையில் இருந்த அப்பா அம்மாவை, வெள்ளைக்காரர்கள் உட்கார வேண்டும் என்று பின்னால் அனுப்பினார்கள். இருவரும் எழுந்து போனார்கள். அந்தக் குழந்தைதான், அவர்களை முன்னால் உட்காரவைத்தால்தான் வாசிப்பேன் என்று நின்றுவிட்டது.

நீ ஆறாவது படிக்கும்போது ஆண்டு விழா டான்ஸ். ஒத்திகையெல்லாம் முதல் வரிசையில் ஆடினாய். விழா அன்று காலையில் உன்னைக் கடைசி வரிசைக்கு மாற்றினார்கள். லைட்டில் இவள் முகம் எடுக்காது என்று டீச்சர் என் எதிரில்தான் சொன்னார். 'பரவாயில்லை டீச்சர்' என்றேன். வீட்டுக்கு வந்து கடலை மாவில் தயிரைக் குழைத்து உன் முகத்தில் தேய்த்தேன். நீ அழுதாய். மாவு கண்ணில் பட்டுவிட்டது என்று நினைத்தேன். நினைத்தேன் என்று எழுதுவதுகூடப் பொய், செல்வி. எதற்கு அழுகிறாய் என்று தெரிந்துதான் தேய்த்தேன்.

குல்லா போட்டுக்கொள். ராத்திரி வேலை முடிந்து தனியாக நடந்து வராதே. யாராவது கூட வந்தால் நல்லது.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது டிவியை நிறுத்த வேண்டாம்.

அம்மா